அளந்த சுமையில் ஆறும் குதிநாண்

மலாக்காவில் விடிவதற்கு முன்பே ஓட வருகிறவர்களில் பள்ளி விளையாட்டு வீரர்களைவிட நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். ஆயர் குரோ பக்கத்திலும், கிளேபாங் கடற்கரைச் சாலையிலும், புக்கிட் பெருவாங் மலையடியிலும் அவர்களைப் பார்க்கலாம். தமிழர்களாக இருந்தால் ஜாசின், மெர்லிமாவ், தெபோங், செலாண்டர் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, தோட்டத் துண்டாடலுக்குப் பிறகோ பால்மரம் செம்பனையாக மாறிய பிறகோ தாமான் வீடுகளுக்குக் குடிவந்த குடும்பத்துப் பிள்ளைகளாக இருப்பார்கள். பதக்கத்துக்காக ஓடுகிறவர்கள் சிலர். பலரை ஓட வைத்தது கிளினிக்கில் கொடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அதனால் நம் ஆட்கள் ஓடத் தொடங்கியிருப்பது உண்மையிலேயே நல்ல செய்தி. அந்த ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திவிடும் வலிகளில் முக்கியமானது குதிகாலுக்கு மேலே, பின்பக்கம் வருகிற வலி. ஓட ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். உடம்பு இறங்குகிறது, சர்க்கரை இறங்குகிறது, உற்சாகத்தில் தூரத்தைக் கூட்டுகிறார்கள். ஒருநாள் காலை கட்டிலை விட்டு இறங்கி முதல் நாலு எட்டு வைக்கும்போது குதிகாலுக்கு மேல் விறைப்பாக இழுக்கிறது. குளியலறை வரை நொண்டிப் போனதும் சரியாகிவிடுகிறது. ஓடத் தொடங்கும்போது வலி, ஓட ஓட மறைகிறது, மறுநாள் காலை மீண்டும் இழுக்கிறது. "நரம்பு பிசகிடுச்சு", "வாயு பிடிச்சிருக்கு" என்று வீட்டில் சொல்வார்கள். கோடாலித் தைலம் தேய்த்து, பிளாஸ்டர் ஒட்டி, ஒரு மாதம் ஓடாமல் இருந்து பார்ப்பார்கள். வலி போய்விடும். மறுபடி ஓடிய முதல் வாரத்திலேயே திரும்பி வரும். இப்படி இரண்டு மூன்று சுற்று ஆனதும் சப்பாத்து அலமாரிக்குள் போய்விடும். சர்க்கரை மெல்ல ஏறும்.

இந்தச் சுழற்சி தவிர்க்க முடியாதது அல்ல. குதிநாண் எப்படி ஆறுகிறது, எது அதை ஆறவிடாமல் தடுக்கிறது என்று கடந்த முப்பது ஆண்டுகளில் நிறையவே தெரியவந்திருக்கிறது. அதில் பெரும்பகுதி நாம் வழக்கமாகச் செய்வதற்கு நேர் எதிரானது.

கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசைகள் உள்ளன. முட்டிக்கு மேலிருந்து இறங்கும் வெளித்தசை ஒன்று, அதற்கு அடியில் கிடக்கும் தட்டையான உள்தசை ஒன்று. இரண்டும் கீழே வந்து ஒன்றாகி, ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் நீளமுள்ள நாணாகக் குதிகால் எலும்பில் இறங்குகின்றன. இந்தக் குதிநாணைத்தான் அக்கிலிஸ் தசைநாண் என்கிறார்கள். நம் உடம்பிலேயே மிகத் தடித்த, மிக வலுவான தசைநாண் இதுதான். ஓடும்போது ஒவ்வோர் எட்டிலும் உடல் எடையைப் போல ஆறு முதல் எட்டு மடங்கு வரை இழுவிசை இதன் மேல் விழுகிறது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு அரை டன். ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஒரு காலுக்கு இரண்டாயிரம் தடவைக்கு மேல். இவ்வளவையும் தாங்குகிற நாணுக்கு ரத்த ஓட்டம் தசைக்கு இருப்பதைவிட மிகக் குறைவு. குதிகால் எலும்பில் ஒட்டும் இடத்திலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே உள்ள பகுதியில்தான் வலி பெரும்பாலும் வருகிறது. ரத்த ஓட்டம் குறிப்பாகக் குறைவு என்று சொல்லப்படும் பகுதியும் அதுதான்.

வலிக்கிற நாணை வெட்டிப் பார்த்த மருத்துவர்கள் அங்கே எதிர்பார்த்த அழற்சியைப் பெரிதாகக் காணவில்லை. அவர்கள் கண்டது வேறு. ஒரே திசையில் இழை இழையாக அடுக்கியிருக்க வேண்டிய கொலாஜன் புரதம் தாறுமாறாகக் கிடந்தது. இடையில் நீர்ப்பசை சேர்ந்து நாண் தடித்திருந்தது. இருக்கக்கூடாத சிறு ரத்தக்குழாய்களும் நரம்பிழைகளும் உள்ளே நுழைந்திருந்தன. அழற்சியைத் தணிக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் பலருக்கு நிலையான குணம் கிடைக்காததற்கு இது ஒரு காரணம். ஒழுங்கு கெட்ட இழைகளுக்கு நடுவே புதிய இழைகள் வலுவாக வளர வேண்டும். மாத்திரையால் அதைச் செய்ய முடியாது.

டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஒரு முடிவு இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1955 முதல் 1963 வரை வல்லரசுகள் வானில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறக்குறைய இரட்டிப்பானது. பிறகு ஆண்டுதோறும் குறைந்தது. அந்தந்த ஆண்டில் உருவான உடற்பகுதியில் அந்த ஆண்டின் அளவே பதிந்திருக்கும். இறந்தவர்களின் குதிநாண்களை எடுத்து அவர்கள் இதை அளந்து பார்த்தார்கள். நாணின் நடுப்பகுதியில் இருந்த கார்பன், அந்த மனிதர்களின் முதல் பதினேழு வயதுக்குரியதாக இருந்தது. தசை புதுப்பிக்கப்படுகிறது, எலும்பு புதுப்பிக்கப்படுகிறது. நாணின் மையமோ பதினேழு வயதுக்குப் பிறகு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. 1968இல் தோட்டத்து லயத்தில் பிறந்த ஒருவர் இன்று ஆயர் குரோவில் ஓடுகிறார் என்றால், தமிழ்ப்பள்ளித் திடலில் வெறுங்காலோடு ஓடிய காலத்து நாணின் மையத்தை வைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்.

இதையும் நீரிழிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் குளுக்கோஸ் போய்க் கொலாஜனில் ஒட்டிக்கொள்கிறது. நாளடைவில் இழைக்கும் இழைக்கும் இடையே வேண்டாத பிணைப்புகள் உண்டாகின்றன. இழைகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி அசைய முடியாமல் விறைத்துப் போகின்றன. அடிக்கடி புதுப்பிக்கப்படும் திசுவில் இந்தக் கறை கழிந்துவிடும். புதுப்பிக்கப்படாத நாணின் மையத்தில் அது ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. நீரிழிவு உள்ளவர்களிடம் தசைநாண் நோய் தெளிவாகவே அதிகம் என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் உறுதியாகியிருக்கிறது. கொழுப்புக்கும் இதில் பங்குண்டு. பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிக உயர்ந்திருக்கும் குடும்பங்களில் குதிநாணிலேயே கொழுப்புக் கட்டிகள் படிவது மருத்துவர்கள் நன்கு அறிந்த அடையாளம். ஆகவே நம் சமூகத்தில் ஒருவருக்குக் குதிநாண் வலி ஆறத் தாமதமானால், சப்பாத்தைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பார்க்க வேண்டும் என்பேன். சர்க்கரைக்காக ஓடத் தொடங்கியவரை அதே சர்க்கரை தடுக்கிறது. அதற்காக ஓட்டத்தை விட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். சர்க்கரையையும் நாணையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

மையம் மாறாவிட்டாலும் நாண் செத்த பொருள் அல்ல. உள்ளே இருக்கும் செல்கள் இழுவிசையை உணர்ந்து புதுக் கொலாஜன் செய்கின்றன. கடுமையாக உழைத்த முதல் ஒரு நாள் வரை கட்டுவதைவிடக் கரைவது அதிகம். அதன் பிறகு கட்டுவது முந்திக்கொள்கிறது, மூன்று நாள் வரை நீடிக்கிறது. பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சீவாமலே விட்ட மரத்தில் பால் ஊறாது. வெட்ட வெட்டத்தான் ஊறும். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள், ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைக்கு மேல் போகாமல், உள்ளே கட்டையில் காயம்படாமல் உளி ஓட வேண்டும். ஆழமாக வெட்டினால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். தினமும் பேராசையாகச் சீவினால் பட்டையே வறண்டு போகும். குதிநாணுக்கும் கணக்கு இதேதான். முழு ஓய்வு அதைப் பலவீனமாக்குகிறது, அவசரச் சுமை கெடுக்கிறது, அளந்த சுமையும் இடைவெளியும் ஆற்றுகின்றன.

இந்த உண்மை மருத்துவ உலகுக்குத் தெரியவந்த விதம் சுவையானது. சுவீடனின் உமேயோ நகரில் ஹோகன் ஆல்ஃபிரெட்சன் என்ற எலும்பு மருத்துவருக்கே குதிநாண் வலி இருந்தது. அறுவை செய்துகொள்ள விரும்பினார். நாண் அறுந்துபோகவில்லை, இதற்கெல்லாம் நீண்ட விடுப்புத் தர முடியாது என்று மேலதிகாரி மறுத்துவிட்டாராம். அப்படியானால் அறுத்தே காட்டுகிறேன் என்று வலிக்கிற காலில் வேண்டுமென்றே கடுமையாகச் சுமை ஏற்றினார். நாண் அறுபடவில்லை, வலிதான் மெல்லப் போயிற்று. பிறகு அவர் 15 ஓட்டக்காரர்களைப் பன்னிரண்டு வாரம் அதே பயிற்சியில் ஈடுபடுத்தி 1998இல் முடிவை வெளியிட்டார். அறுவைக்குக் காத்திருந்த அந்தப் பதினைந்து பேரும் பழையபடி ஓடத் திரும்பினார்கள். அவர்கள் தினமும் செய்தது ஒரு காலில் 180 தடவை, வலியோடு.

அந்தப் பயிற்சிக்கு வீட்டு வாசல்படி போதும். கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு, முன்பாதம் மட்டும் படியின் விளிம்பில் இருக்கும்படி நிற்க வேண்டும். இரண்டு காலாலும் குதிகாலை உயர்த்த வேண்டும். பிறகு எடை முழுவதையும் வலிக்கிற காலுக்கு மாற்றி, நல்ல காலைத் தூக்கிவிட்டு, குதிகாலை மெல்ல, மூன்று எண்ணும் நேரம், படிக்குக் கீழே இறங்க விட வேண்டும். மேலே ஏற மறுபடி நல்ல காலைப் பயன்படுத்த வேண்டும். முட்டியை நேராக வைத்துப் பதினைந்து தடவை, மூன்று சுற்று. முட்டியைச் சற்று மடக்கி அதேபோல மூன்று சுற்று. மடக்கும்போது அடியில் உள்ள தட்டையான தசைக்கு வேலை போகிறது, அதை விட்டுவிடக் கூடாது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. வலியில்லாமல் செய்ய முடிந்துவிட்டால் பிள்ளைகளின் பள்ளிப் பையில் புத்தகம் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு செய்ய வேண்டும். சுமை கூடாத பயிற்சியால் நாண் வளராது.

தினமும் 180 தடவை எல்லாருக்கும் ஒத்துவராது. டென்மார்க்கில் 2015இல் 58 பேரிடம் செய்த ஒப்பீட்டில், உடற்பயிற்சிக் கூடத்தில் கனமான எடையோடு வாரம் மூன்று முறை மட்டும் மெதுவாகக் குதிகால் உயர்த்தி இறக்கியவர்களும் அதே அளவு குணமடைந்தார்கள். திருப்தியும் அவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தது. இரண்டு ஷிப்ட் பார்க்கிற குடும்பஸ்தருக்கு இந்த வழிதான் நடைமுறையில் நிற்கும் என்று நினைக்கிறேன். எந்த முறை என்பதைவிட, கனமாக, மெதுவாக, விடாமல் செய்வதே முக்கியம்.

குணமாகும்வரை ஓடவே கூடாதா? இதைச் சுவீடனில் கரின் கிரேவரே சில்பர்நாகல் குழு 2007இல் சோதித்தது. 38 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் ஒரே வலுவூட்டும் பயிற்சி. ஒரு பாதிப் பேர் முதல் ஆறு வாரம் ஓட்டத்தையும் குதிப்பதையும் நிறுத்தினார்கள். மறுபாதிப் பேர் வலியை அளந்துகொண்டே தொடர்ந்து ஓடினார்கள். ஓடியவர்களுக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை, இரு பக்கமும் ஒரே அளவில் தேறின. அவர்கள் வைத்த விதி எளிது. வலியே இல்லாததைப் பூஜ்யம் என்றும் தாங்கவே முடியாததைப் பத்து என்றும் வைத்துக்கொண்டால், ஓடும்போதும் ஓடிய பிறகும் ஐந்தைத் தாண்டக் கூடாது. மறுநாள் காலைக்குள் தணிந்திருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் காலை விறைப்பு கூடக் கூடாது. அந்தக் காலை விறைப்புதான் நல்ல அளவுகோல். எத்தனை நிமிடத்தில் விடுகிறது என்று ஒரு நாட்காட்டியில் தினமும் குறித்து வையுங்கள். எந்த ஸ்கேனும் காட்டாததை அது காட்டும்.

ஸ்கேனைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் அதுதான். வலி முழுக்கப் போன பிறகும் நாண் தடிப்பாகவே தெரியலாம். வலியே இல்லாத ஓட்டக்காரர்களின் நாணும் அல்ட்ராசவுண்டில் கெட்டுப்போனதாகத் தெரியலாம். படத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

வலி எந்த இடத்தில் என்பது ஆறும் விதத்தை மாற்றுகிறது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நாணைக் கிள்ளினாற்போலப் பிடித்துக் கீழிருந்து மேலே போங்கள். வலிக்கும் இடம் எலும்புக்கு மேலே சில விரற்கடை தள்ளியிருந்தால் நடுநாண் வலி, மேலே சொன்ன வாசல்படிப் பயிற்சி அதற்குத்தான். நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலித்தால் அது எலும்படி வலி, வேறு வகை. குதிகால் படிக்குக் கீழே இறங்கும்போது நாண் எலும்பின் மேல் அழுந்துகிறது. அந்த அழுத்தமே நோயை வளர்க்கிறது. வாசல்படிப் பயிற்சி நடுநாண்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உதவிய சுவீடன் ஆய்விலேயே எலும்படி வலிக்காரர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் உதவியது. தட்டைத் தரையில், குதிகால் தரைக்குக் கீழே போகாமல் செய்ய வைத்தபோது மூன்றில் இருவர் தேறினார்கள். இவர்கள் கெண்டைக்காலை இழுத்து நீட்டும் பயிற்சியையும் தவிர்க்க வேண்டும். நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. குந்தி உட்கார்ந்து வேலை செய்வது, குந்துகிற கழிவறை, தட்டையான ஜப்பான் சிலிப்பர், எல்லாமே நாணை அந்த எலும்பின் மேல் அழுத்துகின்றன. சில மாதம் சற்றுக் குதி உயர்ந்த செருப்பு போட்டுக்கொள்வது அல்லது சப்பாத்துக்குள் குதியடியில் சிறு தக்கை வைப்பது நல்லது. நடுநாண் வலிக்கும் தக்கை உதவுகிறது என்று 2021இல் ஆஸ்திரேலியாவில் நூறு பேரிடம் செய்த ஆய்வு காட்டியது. செலவு சில வெள்ளிதான்.

இனி நாள் முழுவதும் கால் படும் பாட்டைக் கணக்கிட வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். பத்து பிரண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளில் எட்டு மணி, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு ஓட்டம் தொடங்கும் முன்பே நாணில் சுமை ஏறிவிட்டது. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் நேராக ஓடப் போவது நல்லதல்ல, உடம்பு திசுவைச் சீர்செய்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. மாலையில் பூப்பந்து ஆடுகிறவர்கள் அதையும் ஓட்டக் கணக்கில் சேர்க்க வேண்டும். பின்னால் போய்ச் சட்டென முன்னே பாயும் அந்த ஒரு எட்டில் நாண் படும் இழுவை சாதாரண ஓட்டத்தைவிட மோசமானது. பூப்பந்து பரவலாக ஆடப்படும் வட ஐரோப்பிய நாடுகளில் நாண் அறுந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பூப்பந்துக்காரர்கள் கணிசம். வெயிலுக்குப் பயந்து எழுந்தவுடன் ஓடுகிற நம் வழக்கமும் ஒரு சங்கடம். இரவெல்லாம் அசையாமல் விறைத்திருக்கும் நாண் அது. பத்து நிமிடம் வேகமாக நடந்துவிட்டு ஓடுங்கள்.

மருந்துகளில் ஒரு வகையைப் பெயர் சொல்லித்தான் எச்சரிக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் போன்ற கிருமிக்கொல்லிகள் தசைநாணைப் பலவீனமாக்கக் கூடியவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இல் இவற்றின் அட்டையில் கறுப்புக் கட்ட எச்சரிக்கை போட வைத்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். சிறுநீர்த் தொற்றுக்கோ வயிற்றுப்போக்குக்கோ இவை எழுதித் தரப்படலாம். ஓடுகிறவர் என்பதையும் குதிகால் வலி இருப்பதையும் மருத்துவரிடம் சொன்னால் வேறு மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார். சாப்பிடும் நாட்களில் வலி வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்.

இதைவிடக் கவலை தருவது இரவுச் சந்தையிலும் தெரிந்தவர் மூலமும் வாங்கும் முட்டிவலி, மூட்டுவலி மாத்திரைகள். மூலிகை என்று விற்கப்படும் பதிவில்லாத பொருட்களில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசிய சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்து வருகிறது. வலி மந்திரம் போட்டாற்போல மறைவதற்குக் காரணம் அந்த ஸ்டீராய்டுதான். சர்க்கரையை ஏற்றுவதும், நாணை நைந்துபோக விடுவதும் அதேதான். நம் வீட்டுப் பெரியவர்களின் மேசை அலமாரியில் இது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

குதிநாணுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியும் சில வாரம் நிம்மதி தந்துவிட்டுப் பிறகு கைவிடுகிறது. நாண் அறுபடும் அபாயமும் உண்டு. தனியார் மருத்துவமனைகளில் பெருந்தொகைக்குப் போடும், சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த பிஆர்பி ஊசியை 2010இல் நெதர்லாந்திலும் 2021இல் பிரிட்டனில் 240 பேரிடமும் போலி ஊசியோடு ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தை நல்ல இயன்மருத்துவரிடம் நான்கைந்து தடவை போகச் செலவழிப்பது மேல். எண்ணெய் போட்டு நீவி விடுவதில் இதம் கிடைக்கும், தடை இல்லை. நாணிலேயே கட்டைவிரலை ஊன்றி உருவிவிடுவது மட்டும் வேண்டாம்.

எவ்வளவு நாள் ஆகும்? நேர்மையான பதில், பன்னிரண்டு வாரத்தில் தேறுவது தெரியும், முழுதாக ஆற ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். வலி வந்த முதல் மாதத்திலேயே ஆரம்பிப்பவருக்கும், இரண்டு வருடம் நொண்டிவிட்டு வருபவருக்கும் ஒரே கணக்கு இல்லை. நீண்ட நாள் பின்தொடர்ந்த ஆய்வுகளின் சித்திரம் கலவையானது. சில்பர்நாகலின் நோயாளிகளில் ஐந்து வருடத்துக்குப் பிறகு ஐந்தில் நான்கு பேர் முழுக்கக் குணமாகியிருந்தார்கள். நெதர்லாந்தில் வாசல்படிப் பயிற்சி செய்தவர்களை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது வலி அறவே இல்லாதவர்கள் பத்தில் நான்கு பேர்தான். மற்றவர்களில் பலர் சிறு வலியோடும் நன்றாகவே இயங்கினார்கள். ஆக, சிறு வலி மிச்சமிருப்பதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பயமும் நாணை ஆறவிடாது. அசைந்தால் கெடும் என்று அஞ்சியவர்களின் கெண்டைக்கால் வலு மற்றவர்கள் அளவுக்கு மீளவில்லை என்பதும் சில்பர்நாகலின் ஐந்து வருடக் கணக்கிலேயே தெரிந்தது. "ஓடாதே, அறுந்து போயிடும்" என்று மனைவியோ மாமியாரோ சொல்வது அன்பில்தான். ஆனால் நாண் திடீரென அறுபட்டவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன் வலியே இருந்ததில்லை. வலியோடு வருகிறவர்களில் அறுபடுவது சிலருக்குத்தான். வலி வந்ததும் நாம் எச்சரிக்கையாகி விடுகிறோம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திரும்ப ஓடும்போது ஒருநாள் விட்டு ஒருநாள், சமதரையில், கொஞ்சம் நடை கொஞ்சம் ஓட்டம் என்று தொடங்கலாம். முதலில் தூரத்தைக் கூட்டுங்கள், வேகத்தைப் பிறகு. புக்கிட் பெருவாங் ஏற்றம் கடைசியில்தான், ஏற்றத்தில் கணுக்கால் கூடுதலாக மடங்கி நாணை இழுக்கும். வலித்த காலில் ஒற்றைக்காலாக நின்று இருபது தடவைக்கு மேல் குதிகாலை முழுக்க உயர்த்த முடிகிறதா, மற்றக் காலுக்கு ஈடாக இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் பத்து கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். சிறுவயதில் வெறுங்காலோடு ஓடியதை நினைத்து, இப்போது திடீரெனக் குதி தாழ்ந்த சப்பாத்துக்கு மாறுவதும் வேண்டாம்.

பெரிய வீரர்களுக்கும் இதே நாண்தான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்ற சீனாவின் லியு சியாங் 2008இல் சொந்த மண்ணில் குதிநாண் காயத்தால் களத்தை விட்டு நொண்டிப் போனார். மீண்டு வந்தும் 2012 லண்டனில் முதல் தடையிலேயே நாண் அறுந்தது. எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி 2000 சிட்னி ஒலிம்பிக்கில் குதிநாண் வலியோடு தங்கம் வென்று, பிறகு அறுவை செய்துகொண்டு, எட்டு வருடம் கழித்து 35 வயதில் பெர்லினில் 2 மணி 3 நிமிடம் 59 விநாடியில் மாரத்தான் உலகச் சாதனை படைத்தார். நம் ஜி. சரவணன் 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வென்றவர். அந்தத் தூரத்துக்கு அவர் குதிநாண் எத்தனை பத்தாயிரம் தடவை இழுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பழக்கிய நாண் அவ்வளவு தாங்கும்.

எல்லா வலிக்கும் இந்தப் பயிற்சி தீர்வாகாது. பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலத் திடீரெனப் படீரென்று வலித்து, முன்பாதத்தில் எழும்ப முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கிறது. அன்றே அலோர் காஜா, ஜாசின் அல்லது மலாக்கா அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இளவயதில் இரண்டு குதிகாலும் வலித்து, இடுப்பும் காலையில் விறைத்தால் அது மூட்டுவாத நோயாக இருக்கலாம். சிவந்து கொதித்து வீங்கினால் யூரிக் அமிலமாக இருக்கலாம். நீரிழிவுக்காரர்கள் பாதத்தில் உணர்வு குறைந்திருக்கிறதா என்று சோதித்த பிறகே ஓட்டத்தைக் கூட்ட வேண்டும்.

அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் பொதுச் சிகிச்சைக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். சர்க்கரைப் பரிசோதனைக்கு எப்படியும் போகிறீர்கள். அடுத்த முறை போகும்போது குதிகால் வலியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டு வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு வாரம் விடாமல் செய்யுங்கள்.